ஏழு வாரத்தில் கரைந்த ஜிங்க் கட்டிகள்: அலுமினியப் படகு ஒன்றின் அரிமானம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

படகு ஏழு மீட்டர் நீளம். 5083 ரக அலுமினியத் தகடு, அடித்தகடு 4 மி.மீ. தடிமன், பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின். தூத்துக்குடியில் கடல் அளவைப் பணியும் டைவிங் பணியும் எடுத்துச் செய்கிற ஒரு சிறு நிறுவனம் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்கு முன் பல ஆண்டுகள் உள்நாட்டில் ஓர் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தில் ஓடிய படகு. வாங்கும்போது அடித்தகட்டில் கீறல்கள் மட்டும்தான், ஒரு குழி கிடையாது.

5083 என்பது நூற்றுக்கு நாலரைப் பங்கு அளவில் மக்னீசியம் கலந்த, கப்பல் கட்டவே வைத்திருக்கிற கலவை. பெயின்ட் இல்லாமலேகூடக் கடலில் பல ஆண்டு நிற்கும். அதன் மேல் தானாகப் படிகிற ஆக்சைடு படலம் நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன், ஆனால் கீறினால் அந்தக் கணமே மறுபடி மூடிக்கொள்ளும். "அலுமினியம் துருப் பிடிக்காது" என்ற ஊர்ப்பேச்சு பாதி உண்மையாவது இதனால்தான். மீதிப் பாதி இந்த ஆய்வில் வருகிறது.

முதல் இரண்டு மாதம் படகு டிரெய்லரில் வந்து இறங்கி, வேலை முடிந்ததும் கரையேறியது. பிறகு தினமும் ஏற்றி இறக்க ஆள் போதவில்லை என்று ஜெட்டியிலேயே கட்டிப்போட ஆரம்பித்தார்கள். அதற்காக மூன்று வேலைகள் நடந்தன. அடியில் பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் இருக்கச் சிவப்பு ஆன்டிஃபவுலிங் பெயின்ட் அடித்தார்கள். பக்கத்தில் ஒரு விசைப்படகுக்கு அடித்ததில் மீந்த டப்பா அது. கரைந்துபோயிருந்த பழைய ஆனோடுகளுக்கு (தகட்டுக்குப் பதில் தான் கரைந்து அதைக் காக்கிற உலோகக் கட்டிகள்) பதிலாக இரண்டு ஜிங்க் கட்டிகளைப் போல்ட் போட்டார்கள். அளவைக் கருவிகளுக்கான இரண்டு 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளை இரவில் சார்ஜ் செய்ய, 230 வோல்ட் சார்ஜர் ஒன்றைப் படகுக்குள்ளேயே பொருத்தி, ஜெட்டியின் பிளக் பாயின்ட்டிலிருந்து ஒயர் இழுத்தார்கள்.

செய்தவர்கள் மூன்று பேருமே தொழில் தெரிந்தவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெயின்டர் வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசிய காலத்திலிருந்து கடற்கரையில் இருப்பவர். மர வள்ளம், ஃபைபர் படகு, இரும்புப் படகு எதுவானாலும் அவர் கை வைத்தால் குறை சொல்ல முடியாது. அலுமினியம் மட்டும்தான் அவர் பார்த்திராதது.

கவனித்தவை

ஜெட்டியில் கட்டத் தொடங்கி மூன்றாம் மாதம் படகோட்டி ஒருநாள் எங்கள் பட்டறைக்கு வந்தார். "அண்ணாச்சி, உள்ள உப்புப் பூத்துக் கெடக்கு. தொடைச்சாலும் மறுநாளே வந்துருது. காலையில பில்ஜ்ல ரெண்டு வாளி தண்ணி வேற" என்றார். பில்ஜ் என்பது படகுக்குள் அடியில் தண்ணீர் தேங்குகிற இடம். இரண்டாவது செய்திதான் என்னை எழுப்பியது. முதல் செய்தியில்தான் விடை இருந்தது.

உப்பளத்து ஊரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்பு என்றுதான் கண் சொல்லும். அந்த வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் குடிநீரில் போட்டுக் கலக்கினேன். உப்பென்றால் கரைந்திருக்கும். இது கரையவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, கால் மணி நேரத்தில் அடியில் படிந்தது. அது அலுமினியம் ஹைட்ராக்சைடு, அதாவது படகின் தகடே தூளாகி வந்தது.

படகை ஸ்லிப்வேயில், அதாவது கரையேற்றும் சரிவில், ஏற்றிப் பார்த்தபோது நான்கு இடங்களில் அரிப்பு இருந்தது.

ஒன்று, சிவப்பு பெயின்ட். அலுமினியத்துக்கும் அதற்கும் நடுவே தடுப்புப் பூச்சு எதுவும் இல்லை. நிறத்துக்குக் காரணமே அதிலுள்ள குப்ரஸ் ஆக்சைடு, செம்பு. பெயின்ட் கொப்பளித்திருந்த இடங்களை நகத்தால் பெயர்த்தால் அடியில் வெள்ளைத் தூள், தூளுக்கடியில் குழி.

இரண்டு, ஜிங்க் கட்டிகள். பெயின்ட் அடித்தவர் ஒழுங்காக இருக்கட்டும் என்று அவற்றின் மேலும் ஒரு கோட் இழுத்துவிட்டிருந்தார். மூன்று மாதம் கடலில் கிடந்தும் கட்டிகள் புத்தம் புதிதாக இருந்தன. ஆனோடு புதிதாகவே இருந்தால் மகிழ்கிறவர்கள் உண்டு. வேலை செய்யாத ஆனோடுதான் புதிதாக இருக்கும்.

மூன்று, ஏணியையும் ஆழம் அளக்கிற எக்கோ சவுண்டரின் பிராக்கெட்டையும் பிடித்திருந்த எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுகள். நேராக அலுமினியத்தில் முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம்.

நான்கு, பில்ஜ். ரப்பர் பாயைத் தூக்கியபோது, எலக்ட்ரீஷியன் வெட்டிப் போட்ட மூன்று அங்குலச் செம்புக் கம்பித் துண்டு ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் நிழல் மாதிரி தகட்டில் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஒரு முனையில் குண்டூசி நுழைகிற ஓட்டை. இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாக வந்தது.

இந்த நான்குக்கும் அடிப்படை ஒன்றே. கடல் நீரில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு மின்னழுத்தம் உண்டு. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிட்டு அளந்தால் ஜிங்க் ஏறத்தாழ மைனஸ் 1,030 மில்லிவோல்ட்டில் நிற்கும், 5083 அலுமினியம் மைனஸ் 750–800க்குப் பக்கத்தில், செம்பும் வெண்கலமும் மைனஸ் 300 சுற்றுவட்டாரத்தில். நல்ல நிலையிலுள்ள எஸ்.எஸ். இன்னும் மேலே. இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே நீரில் நின்றால், கீழே நிற்பது கரைந்து மேலே நிற்பதைக் காப்பாற்றும். ஜிங்க்கோடு சேர்ந்தால் அலுமினியம் பிழைக்கும். செம்போடு சேர்ந்தால் அலுமினியம்தான் ஜிங்க்.

அணைக்கட்டிலிருந்து வந்த பழைய ஆனோடுகள் மக்னீசியம். நன்னீரில் மின்சாரம் எளிதில் ஓடாது என்பதால் அங்கே மக்னீசியம்தான் சரி. கடலில் அது சில வாரத்தில் கரைந்துவிடும். கரைகிற வரை மின்னழுத்தத்தை அளவு மீறிக் கீழே இழுத்து, பெயின்ட்டையும் தூக்கிவிடும். வாங்கியபோதே யாராவது இதைக் கவனித்திருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை.

முதல் முடிவுகள்

குழிகளை ஊசி கேஜ் வைத்து ஆழம் பார்த்தோம். தகட்டின் பாதித் தடிமனைத் தாண்டாதவற்றைச் சுத்தம் செய்து எபாக்ஸி நிரப்புவது, தாண்டியவற்றை வெட்டியெடுத்து அதே 5083 தகட்டில் ஒட்டுப்போட்டு ஆர்கானில் வெல்டு செய்வது என்று தீர்மானித்தோம். மூன்று இடத்தில் ஒட்டு விழுந்தது. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு இந்த சீசனை ஓட்டிவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார். அடைப்பு தண்ணீரை நிறுத்தும், அடைப்புக்கு அடியில் நடப்பதை நிறுத்தாது. மூடிய, காற்றுப் புகாத ஈரம்தான் அலுமினியத்துக்கு மோசமான இடம். ஆக்சைடு படலம் மறுபடி படிய அங்கே ஆக்சிஜன் இருக்காது.

பழைய பெயின்ட்டை உரிப்பதில் ஒரு சிறு தகராறு. காற்றழுத்தத்தில் துகளை அடித்துப் பெயின்ட் உரிக்கிற பிளாஸ்டிங் ஆள், செம்பு உருக்கியதில் மிஞ்சும் கசடான காப்பர் ஸ்லாக் மூட்டைகளோடு வந்து நின்றார். இரும்புக் கப்பலுக்கு அது நல்ல சரக்கு. அலுமினியத்தில் அதன் துகள் குத்திப் பதிந்தால் செம்பை நாமே விதைத்ததாகிவிடும். அவரைத் திருப்பியனுப்பிவிட்டு கார்னெட் மணலை வரவழைத்தோம். இரண்டு நாள் போயிற்று.

பிளாஸ்டிங் முடிந்த நாலு மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர். காலையில் உரித்துவிட்டு மறுநாள் அடிக்கிற பழக்கம் அலுமினியத்தில் உதவாது. அதன் மேல் இரண்டு கோட் எபாக்ஸி தடுப்புப் பூச்சு, பிறகு செம்பு கலக்காத ஆன்டிஃபவுலிங். போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, நைலான் புஷ்ஷும் வாஷரும் போட்டு, மரையில் அரிப்பைத் தடுக்கிற டெஃப்-ஜெல் பசை தடவி மாட்டினோம். மொத்தம் 700 கிராம் எடையில் இரண்டு புதிய ஜிங்க் கட்டிகள், அடியில் தகடு பளிச்சென்று தெரியத் தேய்த்த பிறகு இறுக்கினோம். பெயின்ட் பிரஷ் அவற்றின் பக்கமே போகக் கூடாது என்று பெயின்டரிடம் நானே நின்று சொன்னேன். "செம்பு அடிச்சா கெட்டுரும்னு ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தா நான் ஏம்ல அடிக்கப் போறேன்" என்றார். நியாயம்தான். டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

படகை இறக்கிய அன்று மதியம் மின்முனையைத் தண்ணீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டரால் தகட்டை அளந்தேன். மைனஸ் 970. அலுமினியத்துக்கு மைனஸ் 900 முதல் மைனஸ் 1,100 வரை பாதுகாப்பான எல்லை. நடுவில் வந்து நின்றது எண். வேலை முடிந்தது என்று பில் போட்டேன்.

ஏழு வாரம் கழித்து

படகோட்டியிடமிருந்து மறுபடி அழைப்பு. ஜிங்க் கட்டிகளைக் காணோம் என்றார். யாரோ கழற்றிப் போய்விட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஏற்றிப் பார்த்தோம். திருடவில்லை. கட்டிகளின் நடுவிலிருந்த இரும்புப் பட்டை மட்டும் போல்ட்டோடு நின்றது, ஜிங்க் முழுக்கக் கரைந்திருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே, டிரெய்லர் உருளையில் பெயின்ட் உரசிய இடங்களில், மிளகு அளவில் புதுக்குழிகள்.

ஓராண்டாவது வரும் என்று நான் சொன்ன கட்டிகள் ஏழு வாரத்தில் தீர்ந்திருந்தன. முதலில் ஜிங்க் மட்டமான சரக்கோ என்று சந்தேகப்பட்டேன். அடுத்து எங்கள் வேலையில் விட்டுப்போனது எது என்று தேடினேன். போல்ட்டுகள் சரி, பெயின்ட் சரி, பில்ஜ் சுத்தம். படகுக்குள் உள்ள 12 வோல்ட் ஒயரிங்கை இரண்டு நாள் பிரித்து மேய்ந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. புதுக் கட்டிகள் மாட்டி இறக்கி, மதியம் அளந்தால் மறுபடியும் அதே மைனஸ் 970.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாகத்தான். அன்று மின்முனையைச் சுருட்டி வைக்க மறந்து தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். மாலை ஆறு மணிக்கு எடுக்கப் போனபோது மீட்டர் மைனஸ் 830 காட்டியது. படகோட்டி கைகால் கழுவிக்கொண்டிருந்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, எதையும் மாற்றவில்லை, வழக்கம்போல் சார்ஜுக்குப் போட்டேன் என்றார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். எண் இறங்கத் தொடங்கி, சில நிமிடத்தில் மைனஸ் 960ஐத் தாண்டியது. மறுபடி செருகச் சொன்னேன். 830. சுவிட்சை மட்டும் அணைக்கச் சொன்னேன். 830லேயே நின்றது.

சுவிட்சை அணைத்தும் மாறாததுதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும். மூன்றாவது பின், எர்த், எப்போதும் இணைந்தே இருக்கும். சார்ஜரின் இரும்புக் கூடு படகின் தகட்டில் போல்ட் போட்டு நின்றது, கூடு எர்த்தோடு சேர்ந்தது. அதே எர்த்தில் ஜெட்டியின் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கட்டும், பக்கத்தில் கட்டி அதே போர்டிலிருந்து கரண்ட் எடுத்த இரண்டு விசைப்படகுகளின் வெண்கல புரொப்பெல்லர்களும் சேர்ந்திருந்தன. படகுக்குள் செம்பை ஒரு துண்டு விடாமல் பொறுக்கியெடுத்துவிட்டோம். ஆனால் ஒவ்வொரு இரவும் ஒரு பச்சை ஒயர் வழியாக ஊரிலுள்ள வெண்கலத்தையெல்லாம் அந்தப் படகோடு கட்டிவைத்திருந்தோம். எங்கள் 700 கிராம் ஜிங்க் ஜெட்டி முழுவதையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஃபேஸையும் நியூட்ரலையும் போர்டிலேயே துண்டித்துவிட்டு, எர்த் ஒயரில் மட்டும் மீட்டரைத் தொடராகப் போட்டு அளந்தோம். 0.8 ஆம்பியர் நேர்மின்னோட்டம் (டி.சி.). அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரவுக்குப் பதினான்கு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 11 ஆம்பியர்-மணி. ஜிங்க் கிலோவுக்குத் தருவது சுமார் 780 ஆம்பியர்-மணி, 700 கிராமுக்கு 546. வகுத்தால் 49 நாள். ஏழு வாரம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு, ஆனாலும் அந்தத் தாளைக் கிழித்துப்போட மனம் வரவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜிங்க் தீர்ந்த பிறகு அதே மின்னோட்டம் தகட்டிலிருந்து போகும். 11 ஆம்பியர்-மணிக்குக் கரையும் அலுமினியம் ஏறத்தாழ 3.7 கிராம். கேட்கச் சின்ன எண். 4 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஓட்டைக்கு வேண்டியது 0.075 கிராம்தான். ஜிங்க் இல்லாமல் மின்னோட்டம் பாதியாகக் குறைந்தாலும் ஓர் இரவுக்கு இருபது ஓட்டைக்கு மேல் சரக்கு இருக்கிறது. பெயின்ட் நன்றாக இருப்பது இங்கே பாதகமும் ஆகும். மொத்த மின்னோட்டமும் உரசிப்போன நாலைந்து இடங்களில் மட்டும் குவிந்து துளைக்கும்.

இரண்டாவது முடிவு

எலக்ட்ரீஷியன் ஒரு நிமிடத்தில் தீர்வு சொன்னார். எர்த் பின்னை வெட்டிவிடலாம். அரிமானக் கணக்கில் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சார்ஜருக்குள் ஃபேஸ் ஒயர் கூட்டைத் தொட்டால், எர்த் இல்லாத அலுமினியப் படகு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஈரக்காலோடு ஏணியைப் பிடிக்கிற டைவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். இதை நான் மறுத்தேன், உரிமையாளரும் உடனே ஒப்புக்கொண்டார். விவாதமே நடக்கவில்லை.

மிச்சம் மூன்று வழி. கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு டயோடு பெட்டியை எர்த் ஒயரில் வைக்கலாம். ஒரு வோல்ட் சொச்சம் வரையிலான நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, பழுது ஏற்பட்டால் மட்டும் எர்த்தை விடும். மலிவானது, ஆனால் உள்ளே டயோடு எரிந்துபோனால் வெளியே தெரியாது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் கரைக்கும் படகுக்கும் உலோகத் தொடர்பே இருக்காது. விலையும் எடையும் அதிகம். மூன்றாவது, பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்வது.

மறுநாளே செய்ய முடிந்தது மூன்றாவதுதான், அதைச் செய்தோம். பேட்டரி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட முப்பது கிலோ. பத்து நாளில் ஆட்களின் முணுமுணுப்பு முதலாளி காதுக்கு எட்டியது. மாதம் முடிவதற்குள் அவரே டிரான்ஸ்பார்மர் வாங்கச் சம்மதித்தார். ஜெட்டிக் கொட்டகையில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அதை மாட்டினோம். ஜிங்க்குக்குப் பதில் அலுமினியம்–ஜிங்க்–இண்டியம் கலவை ஆனோடுகள் இரண்டு, மொத்தம் 600 கிராம். கிலோவுக்கு 2,500 ஆம்பியர்-மணி வரை தரும். எடை குறைந்த படகுக்கு அதுதான் பொருத்தம்.

விளைவு

பதினான்கு வாரம் கழித்து ஆனோடுகளைக் கழற்றி, கழுவி, காயவைத்துப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். 70 கிராம் குறைந்திருந்தது. சராசரியாக 75 மில்லிஆம்பியருக்குக் கீழே. ஏழு மீட்டர் படகுக்கு இது இயல்பான செலவு. மேற்பரப்பு சீராகச் சொரசொரத்து இருந்தது, உழைக்கிற ஆனோடு அப்படித்தான் இருக்கும். புதுக்குழி இல்லை. மின்னழுத்தம் பகலில் மைனஸ் 1,030, இரவில் சார்ஜ் போட்டபடி மைனஸ் 1,025.

படகோட்டி இப்போது வேலை முடிந்ததும் நன்னீர்க் குழாயால் உள்ளும் புறமும் கழுவுகிறார், ரப்பர் பாயைக் கம்பியில் உலரப் போடுகிறார். டம்ளர் சோதனையைப் பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் செய்துகாட்டுவதாகக் கேள்வி.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் அளவை நான் எடுத்த நேரம் தவறு. படகு கட்டிய இடத்தில், வழக்கமாகச் செருகும் எல்லாம் செருகியிருக்க, இரவில் ஒருமுறை அளந்திருந்தால் ஏழு வாரமும் ஓர் ஏற்று-இறக்குக் கூலியும் மிஞ்சியிருக்கும். மைனஸ் 970 பொய் சொல்லவில்லை. பகலில் படகு பத்திரமாக இருக்கிறது என்ற உண்மையைச் சொன்னது, நான் கேட்டதும் அவ்வளவுதான். இப்போது எங்கள் பட்டறையில் அலுமினியப் படகு எது வந்தாலும் பகல், இரவு, பிளக் செருகி, பிடுங்கி என்று நான்கு எண் எழுதாமல் பில் எழுதுவதில்லை.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் அரிமான ஆய்வு நிலையமே இருக்கிறது. அளப்பது எப்படி என்று கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதல் குழிகளைப் பார்த்த அன்றே யாரையாவது கேட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த நான்கு காரணங்கள் கிடைத்ததும் ஐந்தாவதைத் தேடத் தோன்றவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தளத்துக்குக் கீழே நான்கு அறைகளில் மிதவைக்காக ஃபோம் அடைத்திருக்கிறார்கள். மூன்றைத் திறந்து பார்த்தோம், ஃபோம் உலர்ந்திருந்தது. நான்காவதன் மேல் அளவைக் கருவியின் ஸ்டாண்டு வெல்டாகி நிற்கிறது. திறக்க வேண்டுமானால் அதை வெட்ட வேண்டும், சீசன் நடுவில் உரிமையாளர் ஒப்பவில்லை. ஓரத்தில் 6 மி.மீ. துளை போட்டு ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்தோம். நுனி லேசாக ஈரமாக வந்தது. துளையை அடைக்காமல் விட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்குப் படகு மேலே ஏறும்போது அந்த ஸ்டாண்டை வெட்டுவதாகப் பேச்சு.